எகிப்து கோதுமை: பாதி உண்மை

“2016இல் ரஷ்யாவின் மிரட்டலுக்குப் பயந்து நச்சுக் கோதுமையை எகிப்து உள்ளே விட்டது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நெருக்கடி இருந்தது உண்மை. எகிப்தின் ஆரஞ்சு முதலான பழங்களுக்கு ரஷ்யா தடை போட்டது. “நச்சுக் கோதுமை” என்பதுதான் தவறு.

பிரச்சினை, தானியக் கதிர்களில் வளரும் எர்காட் என்ற பூஞ்சை. அளவு மீறினால் ஆபத்தானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எடையில் 0.05 சதவீதம் வரை, அதாவது டன்னுக்கு அரை கிலோ வரை, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரமே அப்போது அனுமதித்தது. எகிப்தின் அரசுக் கொள்முதல் நிறுவனமும் அதே வரம்பைத்தான் வைத்திருந்தது. ஆகஸ்ட் இறுதியில் திடீரென்று எகிப்து அரசு “துளியும் கூடாது” என்றது. வயலில் விளையும் தானியத்துக்கு அப்படி யார் உத்தரவாதம் தருவார்? வணிகர்கள் டெண்டர்களைப் புறக்கணித்தார்கள். செப்டம்பரிலேயே பழைய வரம்பு திரும்பியது.