கோச்சைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு

தோற்றால் கோச் சரியில்லை, ஜெயித்தால் பிளேயர்கள் கில்லாடிகள். புதுச்சேரியில் ஃபுட்பால் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்சி. மீதிப் பேர், கோப்பை வந்த அன்று கோச்சைத் தலையில் தூக்கிவைத்து ஆடிவிட்டு, அடுத்த வருஷமே 'இந்தாளாலதான் கிளப்பே நாசம்' என்று சாபம் விடுகிற கட்சி. அந்த மனுஷன் கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று மட்டும் இரண்டு கட்சியும் கேட்பதில்லை.

பையில் இருநூறு ரூபாயோடு குபேர் அங்காடிக்குப் போனவனிடம் வஞ்சிரம் எங்கே என்று கேட்டால் நியாயமா? நல்ல நெத்திலியாகப் பார்த்து வாங்கி வந்திருந்தால் அவன் கெட்டிக்காரன். இரண்டாயிரத்தைக் கொண்டுபோய் அதே நெத்திலியோடு வந்தவனைத்தான் நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

பொருளாதார ஆய்வாளர் ஸ்டீஃபன் சிமான்ஸ்கி இங்கிலாந்து கிளப்புகளின் கணக்கைத் தோண்டிப் பார்த்தவர். ஒரு பத்து வருஷ சராசரியை எடுத்தால், எந்த கிளப் லீக் பாயிண்ட் டேபிளில் எங்கே நிற்கும் என்பதில் ஏறக்குறைய 90 சதவீதத்தைப் பிளேயர்களுக்குக் கொடுக்கிற சம்பளமே சொல்லிவிடுகிறது என்பது அவர் கண்டது. ஒரே சீசனை எடுத்தால் இந்தக் கணக்கு ஆட்டம் காணும். காயம், ரெஃப்ரியின் விசில், போஸ்ட்டில் பட்டுத் திரும்பிய பந்து எல்லாம் உள்ளே புகுந்துவிடும். 2016இல் ரானியேரி கோச்சாக இருந்த சின்ன கிளப்பான லெஸ்டர் இங்கிலாந்து லீகையே ஜெயித்தது அப்படி ஒரு சீசனில்தான். ஒன்பது மாதத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். வருஷங்கள் சேரச் சேர, பணம் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒரு கோச்சைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் தேடுவது, சம்பளத்தில் அந்த கிளப் எத்தனையாவது, டேபிளில் எத்தனையாவது என்ற வித்தியாசத்தை.

டேவிட் மோயஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் 2013 வரை இங்கிலாந்தின் எவர்டன் கிளப்பில் கோச்சாக இருந்தார். ஒரு கோப்பைகூட இல்லை. ஆனால் 2004இல் வெய்ன் ரூனியை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றுவிட்டு, அதே சீசனில் நான்காவது இடத்தில் முடித்தார். ஊரிலேயே பெரிய நட்சத்திரத்தை விற்ற பிறகு! கோப்பையை மட்டும் எண்ணுகிறவருக்கு அது வெறும் நான்காம் இடம். எனக்கு அது அந்தச் சீசனின் பெரிய வேலை.

அப்புறம் யுனைடெட். 2013இல் அங்கே கோச்சாக இருந்த ஃபெர்குசன் 13ஆவது லீக் பட்டத்தோடு ஓய்வு பெற, மோயஸ் வந்தார், ஏழாவது இடத்தை நோக்கிச் சரிந்தார், 2014 ஏப்ரலிலேயே தூக்கிவிட்டார்கள். சாம்பியன் டீமைக் கெடுத்த மனுஷன் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சரி, அவருக்குப் பின்னால் வான் கால், மொரீன்யோ, சோல்ஷா, டென் ஹாக், அமோரிம் என்று வரிசையாக வந்தார்கள். கோடி கோடியாகக் கொட்டினார்கள். லீகை ஒருவரும் தொடவில்லை. 2024-25இல் பதினைந்தாவது இடம். ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா எல்லாரும் முப்பதைத் தாண்டிய அந்த டீமை வைத்து 11 பாயிண்ட் வித்தியாசத்தில் பட்டம் வாங்கிய ஃபெர்குசனின் கடைசி சீசன்தான் கணக்குக்கு அடங்காத சீசனோ என்று எனக்குத் தோன்றுகிறது. மோயஸ் அங்கே நன்றாகச் செய்தார் என்று சொல்ல வரவில்லை, செய்யவில்லை. ஆனால் முன்னால் இருந்தவரின் அருமை தெரிந்தது அவர் போன பிறகுதான். மோயஸும் 2023இல் வெஸ்ட் ஹாமுக்கு கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டார், அந்தக் கதையும் முடிந்தது.

புது கோச் வந்தவுடன் மூன்று மேட்ச் ஜெயித்து, 'பாத்தியா, ஆளை மாத்தினதும் டீமுக்கு உயிர் வந்துடுச்சு' என்கிற பேச்சு தனிக் கதை. நெதர்லாந்து லீகின் பல வருஷக் கணக்கை வைத்து பாஸ் டெர் வீல் என்பவர் ஒரு ஆய்வு செய்தார். மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்து கோச்சை நீக்கிய கிளப்புகளை ஒரு பக்கமும், அதே அளவு தோற்றும் கோச்சை வைத்துக்கொண்ட கிளப்புகளை மறுபக்கமும் வைத்துப் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுந்துகொண்டன. சரிவின் அடியில் இருக்கும்போது யார் வந்தாலும் அடுத்தது ஏற்றம்தான்.

நம்ம சென்னையின் எஃப்சியை எடுத்தால் இன்னும் சுவாரசியம். ஜான் கிரெகரி 2018 மார்ச்சில் பெங்களூருவிலேயே பெங்களூருவை 3-2 என்று அடித்து ஐஎஸ்எல் கோப்பை வாங்கினார். அடுத்த சீசன் டீம் கடைசி இடம். அதே கோச், பெரும்பாலும் அதே பிளேயர்கள். முதல் வருஷம் மேதையாக இருந்தவர் இரண்டாம் வருஷம் முட்டாளாகிவிட்டாரா? அவர் போன பிறகு 2019 டிசம்பரில் ஓவன் கோயில் வந்தார். கீழே கிடந்த டீமை அதே சீசனில் இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனார். அதிர்ஷ்டம் என்று நான் அப்போதே சொல்லியிருப்பேன், ஆனால் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் லீக் ஷீல்டும் வாங்கிவிட்டார். இரண்டு ஊர், இரண்டு டீம், ஒரே ஆள். ஆக, இந்தாளிடம் சரக்கு இருக்கிறது என்று முடிவு கட்டினேன். திரும்பவும் சென்னைக்கு வந்தார்; 2024-25இல் பதினோராவது இடம். இப்படித்தான் இந்த விவாதம் நம்மைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டுக் காலை வாரும்.

இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பை ஒரு வரியில் கடந்துவிடலாம். அதன் கோச் கிரஹாம் பாட்டரை செல்சி அள்ளிக்கொண்டு போன அதே சீசனில் டி செர்பி வந்து டீமை ஆறாவது இடத்துக்கு ஏற்றினார், பாட்டர் செல்சியில் ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை. அங்கே ஜெயித்தது பெரும்பாலும் கிளப்பின் ஆள் பிடிக்கிற புத்தி.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, டேபிளுக்கு அடுத்தபடியாக நான் நம்புவது ஒரு விஷயத்தை: அந்த கோச்சிடம் போன பிளேயர் முன்னேறினானா, தேய்ந்தானா? பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்பில் மெஸ்ஸி, நெய்மர், எம்பாப்பே மூவரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு சாம்பியன்ஸ் லீகில் கடைசி 16ஐத் தாண்ட முடியவில்லை. எம்பாப்பேவும் போன பிறகு, லூயிஸ் என்ரிகே டெம்பெலேயை விங்கிலிருந்து நடுவுக்கு நகர்த்தினார். வருஷக்கணக்காகக் காயமும் தவறவிட்ட கோலுமாக இருந்த பையன் கோல் மழை பொழிந்தான். 2025 மே 31 இறுதிப்போட்டியில் இன்டர் மிலானை 5-0 என்று துவைத்தார்கள். உலகின் சிறந்த பிளேயருக்கான பாலோன் தோர் விருது அந்த வருஷம் டெம்பெலேவுக்கு. பிஎஸ்ஜியின் பணம் பிரான்ஸ் லீகைத் தானாகவே ஜெயிக்கும், அதற்காக எந்த கோச்சையும் நான் பாராட்ட மாட்டேன். டெம்பெலேவுக்காகப் பாராட்டுவேன்.

ஏற்றிவிட்ட ஆளே பின்னால் கூரையாகி நிற்பதும் உண்டு. சிமியோனே 2011 டிசம்பரில் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு வந்தார். பார்சிலோனாவும் ரியலும் பணத்தில் எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில், 2014இல் லீகைப் பறித்தார். இரண்டு முறை சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. அந்தக் காலத்து சிமியோனேவைக் குறை சொல்கிறவனோடு நான் டீ குடிக்க மாட்டேன். அதே ஆள் 2019இல் 126 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கிய ஜோவாவோ ஃபெலிக்ஸை என்ன செய்தார்? பந்தைக் காலில் வைத்துக்கொண்டு கற்பனை செய்கிற பையனை டிஃபென்ஸுக்கு ஓடவைத்தார், கடைசியில் கடனாக வேறு கிளப்புக்கு அனுப்பினார்கள். நடுவில் 2021 லீக் பட்டமும் வந்தது, அதில் பார்சிலோனா வேண்டாமென்று கழற்றிவிட்ட சுவாரெஸின் கோல்கள் பெரும்பங்கு. எனவே சிமியோனே நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், எந்த வருஷத்து சிமியோனே என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இனி நம்ம ஊர்ப் பஞ்சாயத்து: டிடியே டெஷாம்ப். பிரான்ஸ் தேசிய அணிக்குக் கோச்சாக வந்தவர், கிளப் கோச் இல்லைதான். ஆனால் புதுச்சேரியில் இருந்துகொண்டு இவரைப் பேசாமல் முடிக்க விடமாட்டார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குகிற சொல்தா பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். 2024 யூரோவில் பிரான்ஸ் ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்ற இரவு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடா, இவனைத் தூக்கணும்னு எழுதுவியா இப்ப?"

"பெரியப்பா, டோர்னமென்ட் முழுக்க ஆடுற ஆட்டத்துல பிரான்ஸ்காரன் அடிச்சது ஒரே கோல். அதுவும் இன்னிக்குத்தான். மத்ததெல்லாம் பெனால்ட்டி, எதிரி போட்ட சேம் சைடு கோல். எம்பாப்பே, டெம்பெலேவை வெச்சிக்கிட்டு இப்படியா ஆடறது?"

"செமி வந்தானா இல்லியா? '18ல கப்பு, '22ல பைனல். உங்க சுத்தி சுத்தி பாஸ் போடறவனுங்க எத்தனை பேரு வந்தானுங்க?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இப்போதும் முழுதாக இல்லை. நாக்-அவுட்டில் ஒரு தப்பு வீட்டுக்கு அனுப்பிவிடும். பயந்து ஆடுவது அங்கே மூளையுள்ள வேலை. ஆனால் 2016 யூரோ இறுதிப்போட்டியில், சொந்த ஊரில், ரொனால்டோ முதல் அரைமணி நேரத்துக்குள் காயத்தோடு வெளியேறிய போர்ச்சுகலிடம் தோற்றதையும் 2021இல் சுவிட்சர்லாந்திடம் 3-1 முன்னிலையைத் தொலைத்ததையும் பெரியப்பா எப்போதும் கணக்கில் சேர்ப்பதில்லை. என் தீர்ப்பு: அந்தப் பிளேயர்களை வைத்து ஒரு சுமாரான கோச்சும் அரையிறுதி வரை வந்திருப்பார். டெஷாம்ப் 2018இல் அதற்கு மேல் இரண்டு படியும் ஏறினார், மற்ற முறையெல்லாம் ஒரு படியாவது குறைந்தது.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் டெஷாம்பும் இல்லை, மோயஸும் இல்லை. எங்கள் கடற்கரைப் பக்கத்துக் குட்டி கிளப்பில் கோச்சை மாற்ற வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. கோடைக்காலக் கோப்பையை ஒரு முறை வாங்கிக் கொடுத்தார், அதற்குப் பிறகு அரையிறுதி, முதல் சுற்று என்று இறங்கிக்கொண்டே வருகிறார், ஆள் பழசாகிவிட்டார் என்கிறார்கள். கமிட்டியில் ஒருவர் சென்னையிலிருந்து லைசென்ஸ் வாங்கிய கோச்சைக் கூட்டிவரலாம் என்கிறார். மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள்.

அந்தக் கோப்பை எப்போது வந்தது என்று யாராவது பார்த்தீர்களா? மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், நம்ம சென்டர் பேக், இரண்டு மிட்ஃபீல்டர், கோல்கீப்பர் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். தினம் சாயங்காலம் முழு டீமோடு பயிற்சி. தோற்ற டோர்னமென்ட்டுகளை எடுங்கள்: ஆகஸ்ட், செப்டம்பர். மேட்ச் அன்று காலையில் போட் திரும்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தூங்காமல் நேராகப் படகுத்துறையிலிருந்து வந்து, ஐஸ் வாடை போகாத கையோடு கிளவுஸ் மாட்டிய கோல்கீப்பரை நான் பார்த்திருக்கிறேன். அந்த கிளவுஸும் கட்டைவிரல் பக்கம் கிழிந்து, கோச் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்தது.

இந்த இரண்டு பருவத்தையும் ஒரே டேபிளில் போட்டு ஏற்றம் இறக்கம் பார்ப்பவர்கள் எதை அளக்கிறார்கள்? கடலை அளக்கிறார்கள்.

இன்னொன்று. லெஃப்ட் பேக் ஆடுகிற அந்தச் சின்னப் பையன், போன வருஷம் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு லைனுக்கு வெளியே உதைப்பான். இப்போது பந்து வருவதற்கு முன்னால் ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான், உடம்பை மைதானத்தின் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு பந்தை வாங்குகிறான். யாரும் இல்லாத சாயங்காலங்களில் அவனை மட்டும் நிற்கவைத்து, 'பின்னாடி பாரு, பின்னாடி பாரு' என்று கோச் கத்திக்கொண்டே பந்து போட்டதைப் பார்த்தவர்கள் கமிட்டியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்க வேண்டும்.

புது ஆள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மேட்ச் ரிசல்ட் நோட்டோடு, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் யார் யார் கரையில் இருந்தார்கள் என்ற பட்டியலையும் எடுத்து வாருங்கள். தடைக்காலம் முடிந்த பிறகு ஆடிய மேட்ச்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்போம். அதில் நம்மைவிட நல்ல டீமை நாம் எத்தனை முறை தோற்கடித்தோம், நம்மைவிட மட்டமான டீமிடம் எத்தனை முறை தோற்றோம் என்று எண்ணுவோம். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் நானே அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்கிறேன்.