செப்சிஸில் எதிர்ப்பு சக்தி கூடுகிறது என்பது பாதி உண்மைதான்
செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய் உறுப்புகளையே கெடுக்கும் நிலை. அதில் எதிர்ப்புச் செல்கள் எல்லாமே அளவு மீறி வேலை செய்கின்றன, அடக்கினால் போதும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சரி, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் மேல், அவை தூண்டப்பட்டதைக் காட்டும் சிடி64 என்ற ஏற்பி சில மணி நேரத்திலேயே கூடிவிடும். ஆனால் அதே ரத்தத்தில் மோனோசைட்டுகள் என்ற வேறொரு வகை வெள்ளணுக்களைப் பாருங்கள்: கிருமியின் துண்டுகளை டி செல்லுக்கு (எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணு) எடுத்துக் காட்டும் எச்எல்ஏ-டிஆர் என்ற மூலக்கூறு குறைந்துகொண்டே போகும். ஆரோக்கியமானவருக்கு ஒரு மோனோசைட்டில் இது சுமார் 15,000-க்கு மேல் இருக்கும். 8,000-க்குக் கீழே போனால் எதிர்ப்பு முடங்குகிறது என்று எடுத்துக்கொள்வோம். செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் நான் வேலை பார்க்கிறேன். திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி; அந்தப் புள்ளிக் கூட்டம் நாளுக்கு நாள் இடப்பக்கம், அதாவது எச்எல்ஏ-டிஆர் குறைந்த பக்கம், நகர்வதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். காய்ச்சல் தணிந்தும் எச்எல்ஏ-டிஆர் மேலே வராதவர்களுக்கு அடுத்த தொற்று வரும் ஆபத்து அதிகம். அப்புறம், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்கலாமே என்று மேலே கருத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். 1990களிலேயே பெரிய சோதனைகளில் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.