சொந்த மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதாது

'அமெரிக்காவில் இணையக் கடை நடத்துபவர் தான் வசிக்கும் மாநிலத்துக்கு மட்டும் விற்பனை வரி கட்டினால் போதும்' என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. 2018 வரைக்கும் அது ஏறக்குறைய சரி. அந்த ஜூனில் சௌத் டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் என்ற இணையக் கடைக்கும் நடந்த வழக்கில், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இருந்தால்தான் அங்கே வரி பிடிக்க வேண்டும் என்ற 1992-இன் குவில் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இப்போது ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாவிட்டாலும், அங்கே விற்பனை வரம்பைத் தாண்டினால் பதிவு செய்து, வாங்குபவரிடம் வரி பிடித்துக் கட்டியாக வேண்டும். பல மாநிலங்களில் வரம்பு 1 லட்சம் டாலர். கலிஃபோர்னியா, டெக்சாஸில் 5 லட்சம்.

இதோடு முடிந்தால் பரவாயில்லையே! எந்தப் பொருளுக்கு வரி என்பதும் இடத்துக்கு இடம் வேறு. நியூயார்க் நகரத்துக்கு 105 டாலர் புடவை அனுப்பினால் விற்பனை வரி கிடையாது. விலை 110-ஐத் தொட்டால் முழுத் தொகைக்கும் உண்டு. கூடவே ஒரு கவரிங் செட் வைத்தால் அதற்கு வரி உண்டு, நகை ஆடைக் கணக்கில் வராது. அதே 105 டாலர் புடவை டெக்சாஸ் போனால் வரி உண்டு. ஓரிகனில் விற்பனை வரியே இல்லை.

அமேசான், எட்சி போன்ற இணையச் சந்தைகள் வழியாக விற்பதற்குப் பெரும்பாலும் அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள். தலைவலியெல்லாம் சொந்த வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குத்தான். அப்புறம், பதிவு செய்யாமல் பில்லில் 'வரி' என்று போட்டு வசூலிக்கவே கூடாது. பதிவு செய்துவிட்டாலோ, விற்பனையே இல்லாத காலத்துக்கும் பொதுவாக ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். கட்டுரையாளர் அந்த வாக்கியத்தையாவது திருத்திவிடலாம்.