பிசாசின் கணக்கில் எழுதாதீர்கள்

நான்கு நாள்களாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலையிலும் மூன்று பேர் அதே காணொளியை எனக்கு அனுப்பி, "பாஸ்டருக்காக ஜெபியுங்கள், சத்துரு கடுமையாகப் போராடுகிறான்" என்று எழுதியிருக்கிறார்கள். இனியும் பேசாமல் இருந்தால் நானும் அதற்கு ஆமென் சொன்னதாக ஆகிவிடும். விதவைகளுக்கான பணத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தபின் ஒரு பாஸ்டர் பேசி வெளியிட்ட காணொளி அது; சத்துரு என்று அவர் சொல்வது பிசாசை. எந்தக் காணொளி என்று இந்தப் பக்கத்தைத் தொடர்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேட வேண்டாம். ஒருவர் பெயரைச் சந்திக்கு இழுப்பதற்காக இதை எழுதவில்லை.

ஒன்பது நிமிடம் ஓடுகிறது. நேற்று இரவு ஒரு தாளை வைத்துக்கொண்டு எண்ணினேன். "சத்துரு" 11 முறை வருகிறது. "போராட்டம்" ஏழு முறை. "அந்தகார வல்லமை" நான்கு முறை. விதவைகளுக்கென்று சபையார் சேர்த்து வைத்த பணம் எங்கே போயிற்று என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம்: "சில காரியங்கள் நடந்துவிட்டன." தானாகவா நடந்தன? யார் நடத்தினார்கள்? "நான் பாவம் செய்தேன்" என்ற மூன்று சொற்களுக்காகக் கடைசிவரை காத்திருந்தேன். வரவில்லை. பாட்டு வந்தது.

இதைச் சொன்னதும், "உங்களுக்குப் பிசாசு இருப்பதிலேயே நம்பிக்கை இல்லை, அதுதான் இப்படிப் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதுவார். ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிசாசு உண்டு. முழு மனதோடு நம்புகிறேன். மனித மனத்தின் இருட்டுக்கு வைத்த பெயர், நோய்க்குப் பழங்காலத்தார் கொடுத்த விளக்கம் என்றெல்லாம் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசமிருந்த இயேசு ஓர் உருவகத்தோடு வாதாடவில்லை. வேதம் தெரிந்த ஒருவனோடு வாதாடினார். 91-ஆம் சங்கீதத்தை அவரிடமே எடுத்துக் காட்டத் துணிந்தவன் அவன். கெர்ச்சிக்கிற சிங்கம் என்று பேதுரு எழுதியது கேள்விப்பட்டு எழுதியது அல்ல. கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல் புடைக்கப்பட்டவர் அவர்.

எனக்கும் கொஞ்சம் தெரியும். என் அப்பா இறந்த பிறகு எட்டு மாதங்கள், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஒரே வாக்கியம் தலைக்குள் ஓடும்: "நீ ஜெபித்தாயே, என்ன ஆயிற்று?" அது துக்கம் என்று ஒரு மருத்துவர் சொன்னால் மறுக்கமாட்டேன், துக்கமும் இருந்தது. ஆனால் துக்கம் அழவைக்கும். அந்தக் குரல் என்னை அழவும் விடவில்லை. வேதத்தைத் திறக்கப்போனால் கை கூசியது. என் மனைவி எழுந்து விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பாள். தூக்கக் கலக்கத்தில் சில வரிகளை இரண்டு தடவை வாசித்துவிடுவாள். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்று யாக்கோபு எழுதியதற்கு என்ன பொருள் என்று அந்த எட்டு மாதங்களில்தான் எனக்குப் புரிந்தது. ஆகவே பிசாசு உண்டா இல்லையா என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். பிசாசு இல்லை என்று நினைக்கிறவன் அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். என்னால் முடியவில்லை. உண்மையான எதிராளி ஒருவனுடைய பெயரை எடுத்து, தன் கை செய்த காரியத்தின்மேல் போர்வையாகப் போடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

வேதத்தைத் திறந்து பாருங்கள். முதல் நாளாகமம் 21-ஆம் அதிகாரம், முதல் வசனம். இஸ்ரவேல் ஜனத்தை எண்ணித் தொகையிடும்படி தாவீது ராஜாவை ஏவிவிட்டது சாத்தான். வேதமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. இதைவிட வசதியான சாக்கு உலகத்தில் யாருக்காவது கிடைத்திருக்குமா? ஆனால் தாவீது வாயைத் திறந்து சொன்னது என்ன? எட்டாம் வசனம்: நான் இந்தக் காரியத்தைச் செய்ததினால் மிகவும் பாவஞ்செய்தேன். அந்த ஜெபத்தில் சாத்தானுடைய பெயரே இல்லை.

நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவின் கதையும் சபைக்கு வந்த பணத்தைப் பற்றியதுதான். "சாத்தான் உன் இருதயத்தை நிரப்பினதென்ன?" என்று பேதுரு கேட்டார். அடுத்த மூச்சில், நீ உன் இருதயத்திலே இப்படிப்பட்ட எண்ணங்கொண்டதென்ன என்றும் கேட்டார். இரண்டும் அடுத்தடுத்த வசனங்கள். சாத்தான் நிரப்பினான், நீ எண்ணங்கொண்டாய். ஒன்று மற்றொன்றை ரத்துசெய்யவில்லை.

யூதாசையும் எண்ணிப் பாருங்கள். சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்று லூக்காவும் சொல்கிறார், யோவானும் சொல்கிறார். அந்த யூதாஸ் முப்பது வெள்ளிக்காசைத் திரும்பக் கொண்டுபோனபோது, சாத்தான் என்னைப் பயன்படுத்திவிட்டான் என்று பிரதான ஆசாரியரிடம் சொல்லவில்லை. குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன் என்றான். காசையும் திருப்பிக் கொடுத்தான். யூதாஸ் செய்ததைக்கூடச் செய்ய நமக்கு மனம் வரவில்லையா?

எனக்கு 22 வயதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதுவரை வெளியே சொன்னதில்லை. வாலிபர் கூட்டத்தின் காணிக்கைக் கணக்கு அப்போது என் பொறுப்பில் இருந்தது. ஒரு மாதம் கைமுடை. மாதக் கடைசியில் திருப்பி வைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தைப் போட்டவன் பிசாசுதான் என்று இன்றும் நம்புகிறேன். அவ்வளவு நியாயமாக இருந்தது அது. எடுத்தேன். மாதக் கடைசியில் திருப்பி வைக்கவில்லை. அடுத்த மாதமும் எடுத்தேன்.

எங்கள் மூப்பர் ஒருவர் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தார். பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. பென்சிலால் கூட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அவர் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "ஐயா, பிசாசு என்னை வஞ்சித்துவிட்டான்" என்றேன். அழுதும்விட்டேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பினார். "வரவு, செலவு என்று இரண்டு பத்திதான் போட்டிருக்கிறோம், தம்பி. பிசாசை எதில் எழுதட்டும்?" என்று கேட்டார். கேலி இல்லை அவர் குரலில். பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். என் பெயரை எழுதி, பக்கத்தில் தொகையை எழுதினேன். கடைசி எழுத்து கோணிக்கொண்டு விழுந்தது. அதன் பிறகுதான் அவர் என்னோடு முழங்காலில் நின்று பிசாசுக்கு எதிராக ஜெபித்தார். எழுதிய பிறகு. எழுதுவதற்கு முன்னால் இல்லை.

இதை அந்த மூப்பர் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களை மேற்கு நோக்கி, இருளின் திசையாக எண்ணப்பட்ட பக்கம் நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, "சாத்தானே, உன்னை விட்டுவிலகுகிறேன், உன் கிரியைகளையெல்லாம் விட்டுவிலகுகிறேன்" என்று சொல்லவைத்தார்கள். அங்கே ஆயராயிருந்த சிரிலின் பெயரில் நமக்கு வந்திருக்கிற போதனைகளில் இது இருக்கிறது. சாத்தானின் கிரியைகள் எவை? பாவம் எல்லாமே என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. சாத்தானைத் துறப்பதும் தன் பாவத்தைத் துறப்பதும் அவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லுகிற காரியம். கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" முதலில் வருகிறது. "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" அதற்குப் பிறகு வருகிறது; கிரேக்கத்தில் அதைத் தீயவனிடமிருந்து என்றும் படிக்கலாம்.

"அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே" என்று எழுதப்போகிறவர்களுக்கு: 105-ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசியுங்கள். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களை ஒடுக்க வேண்டாம் என்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்ட இடம் அது. பலவீனருக்குக் காவலாக எழுதிய வசனத்தைப் பலசாலிக்குக் கேடயமாகப் பிடிக்கிறீர்கள். தாவீதும் அபிஷேகம்பண்ணப்பட்டவர்தான். அவர் பாவம் செய்தபோது தீர்க்கதரிசி நாத்தான் அவர் முன்னால் நின்று "நீயே அந்த மனுஷன்" என்றார்.

"தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே?" போனேன். தனியாகவும் போனேன், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டும் போனேன். போதும்.

"ஊழியக்காரர்களைத்தான் பிசாசு அதிகமாகத் தாக்குவான்." சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவர்களுடைய கணக்கை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டுமா, பார்க்கவே கூடாதா? பிசாசை எதிர்த்து நிற்க அணியச் சொன்ன ஆயுதங்களாகிய எபேசியர் ஆறாம் அதிகாரத்து சர்வாயுதவர்க்கத்தில் முதலில் கட்டச் சொல்லியிருப்பது சத்தியம் என்னும் கச்சையை. உண்மையைச் சொல்லாமல் யுத்தம் யுத்தம் என்று கூவுகிறவர் எதைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்? அதே நிருபத்தில் "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்ற வசனத்தை பிசாசைத் துரத்துகிற எத்தனையோ விடுதலைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அடுத்த வசனத்தை அந்தக் கூட்டங்களில் ஒருவரும் வாசித்ததில்லை. "திருடுகிறவன் இனித் திருடாமல்" என்றுதான் அது தொடங்குகிறது.

"மன்னிக்க வேண்டாமா?" என்ற கேள்விதான் என்னை உறுத்துகிறது. இரண்டு இரவு இதோடுதான் படுத்தேன். மன்னிக்காவிட்டால் சாத்தானாலே மோசம்போவோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அது எனக்கும் சேர்த்து எழுதினதுதான். என் மனதில் கசப்பு இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருபது வருடங்களாக என்னோடு ஜெபித்த ஒருவர், "சத்துரு உங்களைப் பயன்படுத்துகிறான், பிரதர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு என்னைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லை. என் அப்பாவின் அடக்க ஆராதனையில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடினவர் அவர். கணக்கைக் கேட்டதால் நான் சாத்தானின் கருவியாகிவிட்டேன். கணக்கைக் காட்டாதவர் யுத்தவீரர். ஆனால் பவுல் மன்னிக்கச் சொன்ன அந்த மனிதன் மிஞ்சின துக்கத்தில் அமிழ்ந்துபோகும் நிலையில் இருந்தான். நம் பாஸ்டர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜெபம்தான் கேட்டார். கேட்காத மன்னிப்பை நான் எந்தக் கையில் கொடுப்பேன்?

இத்தனை நேரம் தள்ளிப்போட்டதைச் சொல்கிறேன். காணொளிக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஓர் அக்கா எழுந்து நின்று, "மாதாமாதம் எனக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறதாமே, எனக்கு வரவில்லையே" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. நான்கு பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். தலைமேல் கைகளை வைத்து, "கசப்பின் ஆவியே, வெளியே போ" என்று கத்தத் தொடங்கினார்கள். அந்தக் கைகளின் பாரத்தில் அவருடைய முக்காடு சரிந்து தோளில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூட அவரை விடவில்லை. இரண்டு கைகளாலும் வேதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் என்று வெளிப்படுத்தின விசேஷம் யாரைச் சொல்கிறது என்பது அந்த நான்கு பேருக்கும் தெரியும். அவர்களும் அதைப் பிரசங்கித்திருக்கிறார்கள்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து போய் அந்தக் கைகளை விலக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்று பயந்தேன். சத்துரு என் காலைக் கட்டிவிட்டான் என்று சொல்லமாட்டேன். நான் பாவம் செய்தேன்.

திங்கட்கிழமை இரவு அந்த அக்கா கூப்பிட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, எனக்குள்ளே உண்மையாகவே ஏதாவது இருக்கிறதா? நீயாவது சொல்" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மேசைமேல் இருந்த வேதத்தை எடுத்து, அதே முதல் நாளாகமம் 21-ஆம் அதிகாரத்தில் 17-ஆம் வசனத்தை வாசித்தேன். ஜனத்தை எண்ணச்சொன்னவன் நான் அல்லவோ, நான்தான் பாவஞ்செய்தேன் என்று சொல்லிவிட்டு, "இந்த ஆடுகள் என்னசெய்தது?" என்று தாவீது கேட்கிற இடம் அது.

மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "இன்னொரு முறை வாசி, தம்பி" என்றார். வாசித்தேன்.