ஜெபக் குறிப்பு என்ற பெயரில்

சபை வாட்ஸாப் குழுக்களில் இது வாடிக்கையாகிவிட்டது. "இந்தச் சகோதரியின் மகளுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று தொடங்கும். அடுத்த வரியிலேயே அந்தப் பெண் புருஷன் வீட்டிலிருந்து ஏன் வந்தாள், மாமியார் என்ன சொன்னார், நகை யாரிடம் இருக்கிறது எல்லாம் வந்துவிடும். கீழே வரிசையாக 'ஆமென்'. புறணி பேசுகிறவர்களுக்காவது கொஞ்சம் கூச்சம் இருக்கும். இதில் அதுவும் கிடையாது.

அதன் பிறகு அந்தத் தாய் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரமாட்டார். 'பின்மாற்றத்தில் போய்விட்டார்', அதாவது விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்று அதற்கும் ஒரு ஜெபக் குறிப்பு போடுவார்கள்.

வேதாகமத்தில் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். சீலோ ஆலயத்தில் அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். குடித்திருக்கிறாள் என்று நினைத்து ஏலி அதட்டுகிறார். ஆசாரியரே வாயை விட்ட இடம் அது! அவளோ, "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்கிறாள். பிள்ளையில்லை என்றோ, புருஷனின் இன்னொரு மனைவி பெனின்னாள் குத்திக் காட்டுகிறாள் என்றோ அவரிடம் சொல்லவில்லை. ஏலியும் அதற்கு மேல் துருவவில்லை. நீ கேட்டதை இஸ்ரவேலின் தேவன் தருவாராக என்று ஆசீர்வதித்து அனுப்பிவிடுகிறார். என்ன கேட்டாள் என்றே அவருக்குத் தெரியாது. சாமுவேல் பிறந்தான்.

நாலு பேருக்குத் தெரிந்தால்தானே நாலு பேர் ஜெபிப்பார்கள் என்பார்கள். யாக்கோபு 5:16-ஐயும் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே அறிக்கையிடச் சொல்லியிருப்பது அவரவர் குற்றத்தை. பக்கத்து வீட்டுக்காரருடையதை அல்ல. அடுத்தவர் தப்பு செய்தால் தனியாகப் போய் அவரிடமே பேசு என்று மத்தேயு 18:15 சொல்கிறது. 2020 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் இந்தப் பகுதியை விளக்கும்போதுதான், புறம்பேசுதல் கோவிட்டைவிட மோசமான கொள்ளைநோய் என்றார். உலகமே முகக்கவசத்தோடு அலைந்த நேரம் அது.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் இப்படி ஒரு குறிப்பைக் கொண்டுவந்தால், "அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

குழு அட்மின்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பந்தப்பட்டவர் சம்மதித்திருந்தால் பெயரும் 'ஜெபியுங்கள்' என்பதும் போதும். மீதியை அழித்துவிடுங்கள். யாராவது கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனால் போகட்டும்.