இணையதளம் யார் பெயரில் இருக்கிறது?

மண்டபம் பக்கம் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் என்னிடம், "அண்ணே, கடைக்கு ஒரு வெப்சைட் போட எவ்வளவு ஆகும்?" என்று விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். சங்கு வியாபாரி, கருப்பட்டிக்காரர், இராமேசுவரத்தில் விடுதி நடத்துபவர் என எல்லோரும் கேட்பது விலையைத்தான். யார் பெயரில் பதிவாகும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் கேட்காதவன்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

விசைப்படகு வாங்கும்போது பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் இங்கே யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் எங்கள் தளத்தைச் செய்து கொடுத்த இளைஞர், டொமைன் எனப்படும் முகவரியைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துகொண்டபோது நான் பேசாமல் இருந்தேன். அதில் வஞ்சகம் ஏதும் இல்லை. மின்னஞ்சலே பார்க்காத எனக்கு அவர் செய்த உதவி அது. பிறகு அவர் வெளிநாட்டு வேலைக்குப் போனார், கைப்பேசி எண் மாறியது, டொமைன் பதிவின் கெடுவும் முடிந்தது. டொமைனை நாம் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம் என்பதும், டாட் காம் முகவரியை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிய முடியும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. காலாவதியாகி நீக்கப்பட்ட பின்னும் கூடுதல் கட்டணத்தில் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் பதிவு செய்தவரின் மின்னஞ்சலுக்கே போகும் என்பதால், நான் விழித்துக்கொண்டபோது அந்த அவகாசமும் கடந்திருந்தது.

முகநூல் பக்கம் இருக்கத் தளம் எதற்கு என்பாரும் உண்டு. (இதை முகநூலில் எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது.) 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியபோது, ஆர்டர்களை வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு இருந்தார்கள்.

கூகுளில் முதலிடம் உறுதி என்று பணம் கேட்பவரை நம்பவே வேண்டாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதற்குக் காசே கிடையாது, அதை முதலில் செய்யுங்கள்.

தளம் திறந்ததோடு வேலை முடிந்தது என்ற எண்ணம்தான் எனக்கு மிகவும் வியப்பாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து வர்ணம் அடிக்கும் ஊர் இது. அதே தடைக்காலத்தில் வரத்துக் குறைந்து நெத்திலிக் கருவாட்டின் விலை ஏறும். தளத்திலோ தை மாத விலையே நிற்கும். அந்த விலைக்குப் பணம் அனுப்பிய மதுரைக்காரரிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போதைய முகவரி என் பெயரில், என் மின்னஞ்சலில் இருக்கிறது. பழைய முகவரி அச்சடித்த உறைகளில் இன்னும் இரண்டு கட்டு மீதம் இருப்பதால், அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் பார்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.