கடுங்காப்பி குடித்தால் போதை இறங்காது

கல்யாண வீட்டில் மது அருந்தியவர் கடுங்காப்பி குடித்து, முகம் கழுவி, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, நம்பி நடந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

காப்பி தூக்கக் கலக்கத்தைச் சற்றுக் குறைக்குமே தவிர, இரத்தத்தில் கலந்த மதுவை வெளியேற்றாது. அதைச் சிதைப்பது கல்லீரல். அதன் வேகம் பெரும்பாலானோருக்கு, 100 மில்லி இரத்தத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான். ஆகவே 120 மில்லிகிராம் ஏறியவர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வகுத்துள்ள 30 மில்லிகிராம் எல்லைக்கு இறங்கவே சுமார் 6 மணி நேரம் ஆகும். அந்த எல்லைக்குக் கீழேயும் கவனம் தடுமாறவே செய்யும்.

வண்டி ஓட்டப்போகிறவர் குடித்திருக்கிறாரா என்பதைப் பிள்ளைகள் வாடையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஏலக்காயும் பாக்கும் அதை மறைத்துவிடும். சாவியைத் துவாரத்தில் நுழைக்க இரண்டு மூன்று முறை தடவுவதும், சைடு ஸ்டாண்டை எடுக்காமலே பைக்கை நகர்த்துவதும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதும் இன்னும் தெளிவான அறிகுறிகள். மாமாவிடமோ சித்தப்பாவிடமோ "நீங்கள் குடித்திருக்கிறீர்கள்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், "வயிறு சரியில்லை, அம்மா வந்து கூட்டிப்போவார்" என்று சொல்லி ஏறாமல் நின்றாலே போதும். என் மகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நள்ளிரவானாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து அழைத்துப்போவேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன்.

சாலையில் தள்ளாடும் வாகனத்தைக் கண்டால் முந்த முயலாமல் பின்தங்கி, உங்கள் வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகு, அதன் பதிவு எண்ணையும் போகும் திசையையும் 112-க்குத் தெரிவியுங்கள்.